ஆங்கில வாக்கியத்தின் கொக்கி எந்தப் பக்கம்?

‘மனிதன் புலியைக் கொன்றான்.’ ‘புலியை மனிதன் கொன்றான்.’ இரண்டிலும் செத்தது புலிதான். ‘கொன்றான் மனிதன் புலியை’ என்று செய்யுள் நடையில் எழுதினாலும் அதே கதிதான். புலியின் வாலில் ‘ஐ’ ஒட்டியிருக்கும்வரை அது எங்கே போய் நின்றாலும் செயப்படுபொருள்.

ஆங்கிலத்தில் ‘தி மேன் கில்ட் தி டைகர்’ என்றால் புலி செத்தது. ‘தி டைகர் கில்ட் தி மேன்’ என்றால் மனிதன் செத்தான். ஒரு சொல்லும் மாறவில்லை, ஒரு எழுத்தும் கூடவில்லை. நின்ற இடம் மட்டும் மாறியது. தமிழில் உருபு செய்யும் வேலையை ஆங்கிலத்தில் இடம் செய்கிறது. சப்ஜெக்ட், வெர்ப், ஆப்ஜெக்ட் என்று பள்ளியில் மனப்பாடம் செய்த வரிசைக்கு இதுதான் காரணம். அந்த வரிசையைக் கலைத்தால் யார் யாரைக் கொன்றார் என்பதே மாறிவிடும்.

கலைச்சொற்களில் தமிழ் மாணவர்களைக் குழப்புகிற இடம் ஒன்று உண்டு. எழுவாய் என்றால் சப்ஜெக்ட், செயப்படுபொருள் என்றால் ஆப்ஜெக்ட், பயனிலை என்றால் வெர்ப் என்று வழிகாட்டிப் புத்தகங்கள் மூன்றாக ஒட்டிவிடுகின்றன. முதல் இரண்டும் ஏறக்குறைய சரி. மூன்றாவது தவறு. பயனிலைக்கு நிகரானது பிரெடிகேட், அதாவது எழுவாயைப் பற்றி என்ன சொல்கிறோமோ அந்தப் பகுதி முழுவதும். தமிழில் அது வினையாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ‘இவர் என் மாமா’ என்பது முழு வாக்கியம். இதில் வினையே கிடையாது, ‘மாமா’ என்ற பெயர்தான் பயனிலை. ஆங்கிலத்துக்கு இது ஒத்துவராது. காலம் காட்டும் வினை ஒன்று இல்லாமல் அங்கே வாக்கியம் முடியாது. அதனால்தான் ‘ஹீ இஸ் மை அங்கிள்’ என்று ‘இஸ்’ வந்து நடுவில் உட்காருகிறது. அதற்கென்று தனிப் பொருள் இல்லை, காலத்தையும் ஒருமை பன்மையையும் சுமப்பதுதான் அதன் வேலை. ‘ஹீ மை அங்கிள்’ என்று விட்டுவிடுவதும், அதற்குப் பயந்து ‘ஐ ஆம் கோ’, ‘ஹீ இஸ் கம்’ என்று எல்லா இடத்திலும் போட்டுவிடுவதும் ஒரே குழப்பத்தின் இரண்டு முகங்கள்.

இந்தக் குழப்பத்தின் ஆணிவேர் ‘இருக்கிறது’ என்ற சொல். கீழே நான்கு வாக்கியங்கள்.

அப்பா வீட்டில் இருக்கிறார்.
சாப்பாடு சூடாக இருக்கிறது.
அறையில் ஒரு பாம்பு இருக்கிறது.
என்னிடம் பணம் இருக்கிறது.

தமிழில் நான்கிலும் ஒரே வினை. ஆங்கிலத்தில் மூன்று வழிகள். முதல் இரண்டுக்கும் ‘இஸ்’ போதும்: ‘ஃபாதர் இஸ் அட் ஹோம்’, ‘தி ஃபுட் இஸ் ஹாட்’. மூன்றாவதில் கேட்பவருக்குப் புதிதான ஒரு பொருளை அறிமுகப்படுத்துகிறோம். அதற்கு ‘தேர் இஸ் எ ஸ்னேக் இன் தி ரூம்’. நான்காவது உடைமை. அதற்கு ‘ஐ ஹேவ் மனி’. ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்ற பிழை இங்கிருந்துதான் கிளம்புகிறது. ‘இருக்கிறார்கள்’ என்பது தொடர்ந்து நீடிக்கும் நிலையாகக் காதில் விழுவதால் ‘இங்’ சேர்க்கத் தோன்றும். உடைமையைச் சொல்லும் ‘ஹேவ்’, ‘நோ’, ‘லைக்’, ‘வான்ட்’, ‘பிலாங்’ போன்றவை நிலையைச் சொல்லும் வினைகள். நடந்துகொண்டிருக்கும் செயல் அல்ல என்பதால் இவை பொதுவாக ‘இங்’ ஏற்பதில்லை. ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ சரி, ஏனென்றால் அங்கே ‘ஹேவ்’ என்றால் சாப்பிடுவது. அது செயல்.

எழுவாய் விஷயத்திலும் கவனிக்க ஒன்று உண்டு. ‘வந்தேன்’ என்றால் வந்தது நான் என்று வினையே சொல்லிவிடுகிறது. ‘கேம்’ என்ற சொல்லில் யாரும் இல்லை. நானா, நீயா, அவர்களா என்பதற்கு எந்தத் தடயமும் கிடையாது. அதனால் ஏவலைத் தவிர மற்ற வாக்கியங்களில் எழுவாயை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். சொல்ல எதுவும் இல்லாவிட்டாலும் அந்த நாற்காலி காலியாக இருக்கக் கூடாது. ‘இட் இஸ் ரெய்னிங்’ என்பதில் ‘இட்’ எதையும் குறிக்கவில்லை, நாற்காலியை நிரப்ப வந்தது. ‘லேட் ஆகிவிட்டது’ என்பதற்கு ‘இட் இஸ் லேட்’.

இன்னொரு பக்கம், தமிழில் ‘எனக்கு’ என்று நான்காம் வேற்றுமையில் வருபவரைத் தூக்கி ஆங்கிலத்தில் எழுவாய் நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். எனக்குத் தெரியும்: ‘ஐ நோ’. எனக்குப் பிடிக்கும்: ‘ஐ லைக் இட்’. எனக்குப் பசிக்கிறது: ‘ஐ ஆம் ஹங்ரி’. எனக்குக் காய்ச்சல்: ‘ஐ ஹேவ் எ ஃபீவர்’. அறிவு, விருப்பம், உடல் நிலை, தேவை, உறவு இவையெல்லாம் தமிழில் நமக்கு நேர்கிறவை, ஆங்கிலத்தில் நாம் எழுவாயாக நிற்கிறவை. இந்த ஒரு மாற்றத்தைப் பழகிக்கொண்டாலே அன்றாடப் பேச்சின் பெரும்பகுதி நேராகிவிடும்.

இப்போது தலைப்பில் சொன்ன கொக்கிக்கு வருவோம். என் பார்வையில் ஆங்கில இலக்கணத்தில் தமிழருக்கு மிகவும் உதவக்கூடியது இதுதான். எந்தப் புத்தகமும் இதை முதல் பக்கத்தில் வைக்காதது எனக்கு வருத்தம்.

‘மேசை மேல்’ என்கிறோம். ஆங்கிலத்தில் ‘ஆன் தி டேபிள்’. ‘மேல்’ பின்னால், ‘ஆன்’ முன்னால். ‘மழை பெய்தால்’ என்பதில் நிபந்தனை கடைசி எழுத்தில் ஒட்டியிருக்கிறது. ‘இஃப் இட் ரெய்ன்ஸ்’ என்பதில் அது முதல் சொல். ‘அவன் வருவான் என்று’ என்பதில் ‘என்று’ கடைசி. ‘தட் ஹீ வில் கம்’ என்பதில் ‘தட்’ முதல். ‘நேற்று வந்த பையன்’ என்பதில் பையன் கடைசி. ‘தி பாய் ஹூ கேம் யெஸ்டர்டே’ என்பதில் பையன் முதலில் வந்துவிட்டு, விவரம் பின்னால் வருகிறது. இரண்டு துண்டுகளை இணைக்கிற கொக்கியைத் தமிழ் துண்டின் பின்பக்கத்தில் மாட்டுகிறது. ஆங்கிலம் முன்பக்கத்தில் மாட்டுகிறது. அதனால் நீளமான தமிழ் வாக்கியத்தை ஆங்கிலமாக்கும்போது வால் பக்கத்திலிருந்து கழற்றிக்கொண்டே வர வேண்டும்.

இது துணைவினைகளில் எவ்வளவு துல்லியமாக நடக்கிறது என்று பாருங்கள்.

‘காத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.’ பிரித்தால்: காத்து, கொண்டிருந்து, இருக்க, வேண்டும்.

‘மஸ்ட் ஹேவ் பீன் வெய்ட்டிங்.’ இதில் ‘மஸ்ட்’ என்பது நம் ‘வேண்டும்’. ‘ஹேவ்’ என்பது ‘இருக்க’. ‘பீன்’ என்பதும் ‘இங்’ என்பதும் சேர்ந்து ‘கொண்டிருந்து’. ‘வெய்ட்’ என்பது ‘காத்து’. கண்ணாடியில் பார்த்ததுபோல ஒன்றுக்கொன்று தலைகீழ். தமிழில் ஒவ்வொரு துணைவினையும் தனக்கு முன்னால் உள்ள வினையின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. ‘வேண்டும்’ வந்தால் முன்னால் ‘இருக்க’ என்றுதான் வர முடியும், ‘இருந்து’ என்று வராது. ஆங்கிலத்தில் ஒவ்வொரு துணைவினையும் தனக்கு அடுத்த சொல்லின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது.

அந்த விதிகள் மொத்தமே நான்கு. கேன், குட், மே, மைட், ஷால், ஷுட், வில், உட், மஸ்ட் ஆகிய ஒன்பதுக்கும் பிறகு வினையின் மூல வடிவம். ‘டூ’, ‘டஸ்’, ‘டிட்’ மூன்றுக்கும் பிறகும் மூல வடிவமே. ‘ஹேவ்’, ‘ஹேஸ்’, ‘ஹேட்’ துணைவினையாக வந்தால் அடுத்தது மூன்றாம் வடிவம், அதாவது கான், ரிட்டன், ஈட்டன் போன்றவை. ‘பீ’ குடும்பத்துக்குப் பிறகு, செய்பவர் எழுவாயாக இருந்தால் ‘இங்’, செய்யப்பட்டது எழுவாயாக இருந்தால் மூன்றாம் வடிவம். ‘ஷீ இஸ் ரைட்டிங்’, ‘இட் இஸ் ரிட்டன்’.

இந்த நான்கு விதிகளை வைத்துச் சரிபார்த்தால் பெரும்பாலான வினைப் பிழைகள் அங்கேயே மாட்டிக்கொள்ளும். ‘ஹீ மஸ்ட் கோஸ்’ தவறு, ‘மஸ்ட்’ மூல வடிவம் கேட்கிறது. ‘ஷீ ஹேஸ் வென்ட்’ தவறு, ‘ஹேஸ்’ கேட்பது ‘கான்’. ‘டிட் யூ வென்ட்?’ தவறு, இறந்தகாலத்தை ‘டிட்’ ஏற்கெனவே சுமந்துவிட்டது. காலம் காட்டும் பொறுப்பு எப்போதும் வரிசையின் முதல் வினைக்கு மட்டும்தான். தமிழில் அது கடைசி வினைக்கு. மறுபடியும் அதே கண்ணாடி.

வினையின் வடிவங்களையும் சொல்லிவிடுகிறேன். ‘கோ’ என்ற வினைக்கு ஐந்து வடிவங்கள்: கோ, கோஸ், வென்ட், கான், கோயிங். ‘வாக்’ போன்ற ஒழுங்கான வினைகளுக்கு நான்குதான், ஏனென்றால் இரண்டாவதும் மூன்றாவதும் ‘வாக்ட்’ என்றே இருக்கும். ‘புட்’ மூன்றோடு நின்றுவிடும். ‘பீ’ மட்டும் எட்டு: பீ, ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், பீயிங், பீன். பன்னிரண்டு காலங்கள் என்று சுவரில் ஒட்டும் அட்டவணை முழுவதும் இந்த வடிவங்களையும் மேலே சொன்ன விதிகளையும் பெருக்கிக் கிடைத்ததுதான். அட்டவணையை மனப்பாடம் செய்வதைவிட விதிகளைக் கைவசம் வைத்துக்கொள்வது நல்லது. அட்டவணை மறந்துபோகும்.

கேள்வி கேட்பது இப்போது எளிது. தமிழில் கடைசியில் ‘ஆ’ சேர்க்கிறோம், ‘வருவாரா?’ என்று. ஆங்கிலத்தில் முதல் துணைவினை எழுவாயைத் தாண்டி முன்னால் குதிக்கிறது: ‘ஹீ வில் கம்’, ‘வில் ஹீ கம்?’ ‘பீ’ குடும்பம் தனியாக வந்தாலும் அப்படியே குதிக்கும். இரண்டும் இல்லாத வாக்கியத்தில் குதிப்பதற்கு ஆள் வேண்டுமே, அதற்காகத்தான் ‘டூ’ வாடகைக்கு வருகிறது. எதிர்மறைக்கும் அப்படித்தான், ‘நாட்’ ஒட்டிக்கொள்ள ஒரு துணைவினை தேவை. ஆனால் கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள் அடங்கிவிட்டால் குதிக்கக் கூடாது. ‘ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹீ’ என்பது நம் ஊரில் மிகவும் பரவலான பிழை. ‘வேர் ஹீ இஸ்’ என்பதுதான் சரி. அவர் எங்கே இருக்கிறார் என்பது அங்கே கேள்வி அல்ல, ‘நோ’ என்ற வினைக்கு ஆப்ஜெக்ட்.

இந்தக் குதிப்பை எழுவாயைக் கண்டுபிடிக்கவும் பயன்படுத்தலாம். ‘தி பாய் இன் தி புளூ ஷர்ட் இஸ் மை சன்.’ இதைக் கேள்வியாக்குங்கள்: ‘இஸ் தி பாய் இன் தி புளூ ஷர்ட் மை சன்?’ எதையெல்லாம் ‘இஸ்’ தாண்டியதோ அது அத்தனையும் எழுவாய். அந்தக் கூட்டத்தில் தலைமைச் சொல் எது என்பதுதான் அடுத்த கேள்வி. ‘தி பிரைஸ் ஆஃப் ஆனியன்ஸ் ஆர் ஹை’ என்று எழுதுபவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். ‘வெங்காயத்தின் விலை’ என்று சொல்லும்போது தலைமைச் சொல்லான விலை கடைசியில், வினையை ஒட்டி நிற்கிறது. ஆங்கிலத்தில் அது முதலில் போய்விடுவதால், வினைக்குப் பக்கத்தில் பன்மையான வெங்காயம் வந்து நின்று காதை ஏமாற்றுகிறது. ‘பிரைஸ்’ ஒருமை, ஆகவே ‘இஸ்’. பெயர்ச்சொல்லில் ‘எஸ்’ பன்மையைக் காட்டும், நிகழ்கால வினையில் படர்க்கை ஒருமையைக் காட்டும் என்பதையும் இங்கேயே நினைவில் முடிந்துகொள்ளுங்கள். ‘தி பாய்ஸ் ரன்’, ‘தி பாய் ரன்ஸ்’.

கொக்கி விதிக்கு விலக்கு உண்டு. ‘நல்ல பையன்’, ‘குட் பாய்’ இரண்டிலும் அடைமொழி முன்னால்தான். ‘குமாரின் வீடு’, ‘குமார்ஸ் ஹவுஸ்’ இரண்டும் ஒரே வரிசை.

காலங்களில் தமிழர் செய்யும் பிழைகள் தனி ரகம். வினையின் வடிவம் சரியாக இருக்கும், காலம் மாறியிருக்கும். ‘தினமும் காலையில் கோயிலுக்குப் போவேன்’ என்பதை ‘ஐ வில் கோ டு தி டெம்பிள் எவ்ரி மார்னிங்’ என்று சொல்வது முதல் உதாரணம். ‘போவேன்’ எதிர்காலம் என்று பள்ளியில் படித்தோம். உண்மையில் வழக்கமாகச் செய்வதையும் தமிழ் அதே வடிவத்தில்தான் சொல்கிறது. ஆங்கிலத்தில் வழக்கம் என்றால் ‘ஐ கோ’. ‘வில்’ போட்டால் இனிமேல் போகப்போவதாகக் கேட்பவர் நினைப்பார். அதேபோல் ‘இரண்டு வருஷமாக இங்கே வேலை செய்கிறேன்’ என்பது ‘ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்’ ஆகிவிடுகிறது. இதில் இரண்டு பிழைகள். முன்பு தொடங்கி இன்றும் தொடர்வதற்கு ‘ஹேவ் பீன் ஒர்க்கிங்’ வேண்டும். ‘சின்ஸ்’ தொடக்கப் புள்ளிக்கு மட்டும், ‘சின்ஸ் 2022’ என்பதுபோல. கால அளவுக்கு ‘ஃபார்’: ‘ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் ஃபார் டூ இயர்ஸ்’. இன்னொன்று, ‘நேற்று பார்த்திருக்கிறேன்’ என்பதை அப்படியே ‘ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே’ என்பது. முடிந்துபோன நேரத்தைக் குறிப்பிட்டுச் சொன்னால் ‘ஹேவ்’ வராது. ‘ஐ சா ஹிம் யெஸ்டர்டே’.

எஸ் வி ஓ சி ஏ (சப்ஜெக்ட், வெர்ப், ஆப்ஜெக்ட், காம்ப்ளிமென்ட், அட்ஜங்க்ட்) என்ற பகுப்பு போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களைப் படுத்துகிறது. அதில் சிக்கல் ஆப்ஜெக்டுக்கும் காம்ப்ளிமென்டுக்கும் இடையில்தான். ‘ஹீ மெட் எ டாக்டர்’, ‘ஹீ பிகேம் எ டாக்டர்’ இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘டாக்டரைச் சந்தித்தான்’, ‘டாக்டர் ஆனான்’. ‘ஐ’ ஏற்றது ஆப்ஜெக்ட், ‘ஆக’, ‘ஆனான்’ என்று வந்தது காம்ப்ளிமென்ட். சந்தித்த டாக்டர் வேறு ஆள், ஆன டாக்டர் அவனேதான். ‘காபி குடித்தான்’ என்பதில் உருபு மறைந்திருக்கிறது, விரித்தால் ‘காபியை’ என்று வரும், ஆகவே ஆப்ஜெக்ட். ‘எனக்கு உதவினான்’ போன்ற சில இடங்களில் மட்டும் இந்தச் சோதனை கைகொடுக்காது. அங்கே ‘ஹெல்ப்ட் மீ’ என்பதில் ‘மீ’ ஆப்ஜெக்ட்தான். ஏ என்பது எங்கே, எப்போது, எப்படி என்ற விவரம். பெரும்பாலும் எடுத்துவிட்டாலும் வாக்கியம் நிற்கும். அதை வினைக்கும் ஆப்ஜெக்டுக்கும் நடுவில் செருகாதீர்கள். ‘ஐ லைக் வெரி மச் டீ’ அல்ல, ‘ஐ லைக் டீ வெரி மச்’.

பிரிபோசிஷன்களை வேற்றுமை உருபோடு ஒன்றுக்கு ஒன்றாகப் பொருத்த முடியாது. ‘ஆல்’ என்ற ஒரே உருபு ‘கத்தியால்’ என்னும்போது ‘வித்’, ‘போலீஸாரால்’ என்னும்போது ‘பை’, ‘மழையால்’ என்னும்போது ‘பிகாஸ் ஆஃப்’. தமிழில் உருபு இருப்பதால் ஆங்கிலத்தில் தேவையில்லாமல் சேர்ப்பதும் உண்டு. ‘பற்றி’ என்பதை நினைத்து ‘டிஸ்கஸ் அபவுட்’, ‘அறைக்குள்’ என்பதை நினைத்து ‘என்டர்ட் இன்டு தி ரூம்’. இரண்டிலும் வெறும் ஆப்ஜெக்ட் போதும். எதிர்த்திசையில் ‘பாட்டைக் கேட்டான்’ என்பதில் ‘ஐ’ இருப்பதால் ‘டு’ விட்டுப்போகும். ‘லிசன் டு தி சாங்’ என்று வர வேண்டும். வினையைக் கற்கும்போதே அதன் பிரிபோசிஷனையும் சேர்த்து ஒரே சொல்லாக எழுதி வைத்துக்கொள்வதைத் தவிர இதற்குக் குறுக்கு வழி இல்லை.

ஆர்டிக்கிளில் ஒன்று மட்டும்: ‘எ’, ‘அன்’ தேர்வு எழுத்தைப் பார்த்து அல்ல, ஒலியைக் கேட்டு. ‘யூனிவர்சிட்டி’ யகரத்தில் தொடங்குவதால் ‘எ யூனிவர்சிட்டி’. மணி என்ற பொருளில் ‘அவர்’ உயிரொலியில் தொடங்குவதால் ‘அன் அவர்’.

இனி ஒரு நீளமான வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்கலாம்.

‘தி ஃபார்மர் ஹூ சோல்ட் அஸ் தீஸ் மேங்கோஸ் லாஸ்ட் வீக் செட் தட் ஹீ உட் கம் அகெய்ன் ஆன் மண்டே.’

முதலில் காலம் காட்டும் வினைகளுக்கு அடிக்கோடிடுங்கள். சோல்ட், செட், உட். மூன்று. ஆகவே இதற்குள் மூன்று சிறு வாக்கியங்கள் இருக்கின்றன, மூன்றை இணைக்க இரண்டு கொக்கிகள் இருக்க வேண்டும். தேடினால் ‘ஹூ’, ‘தட்’. கணக்குச் சரி. கொக்கி குறைந்தால் ஒன்று மறைந்திருக்கிறது, அல்லது வாக்கியம் தவறு. ‘ஹீ செட் ஹீ உட் கம்’ என்பதில் ‘தட்’ மறைந்திருக்கிறது, அது அனுமதிக்கப்பட்டது. ‘ஹூ’ தொடங்கி ‘வீக்’ வரை அடைப்புக்குள் போடுங்கள், அது விவசாயியைப் பற்றிய விவரம். ‘தட்’ தொடங்கி இறுதிவரை இன்னொரு அடைப்பு, அது அவர் சொன்ன செய்தி. மிஞ்சுவது ‘தி ஃபார்மர் செட்’, விவசாயி சொன்னார். அதுதான் முதுகெலும்பு.

தமிழில்: ‘போன வாரம் நமக்கு இந்த மாம்பழங்களை விற்ற விவசாயி, திங்கட்கிழமை மறுபடியும் வருவதாகச் சொன்னார்.’ ஆங்கிலத்தில் மூன்று வினைகள் காலம் காட்டி முற்றாக நின்றன. தமிழில் ‘சொன்னார்’ ஒன்றுதான் முற்று. ‘சோல்ட்’ பெயரெச்சமாகி ‘விற்ற’ என்று விவசாயிக்கு முன்னால் போய்விட்டது, ‘ஹூ’ அந்த அகரத்துக்குள் கரைந்துவிட்டது. ‘தட்’ என்ற கொக்கி ‘வருவதாக’ என்பதன் வாலில் இருக்கிறது. இந்த மாதிரி தினமும் ஒரு வாக்கியம், செய்தித்தாளிலிருந்து எடுத்து, பென்சிலால் அடைப்பு போட்டுப் பாருங்கள். வினைகளை எண்ணுங்கள், ஒன்றைக் கழியுங்கள், அத்தனை கொக்கிகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள்.